ஏஜென்ட்டுக்கு எவ்வளவு குடுக்கிறீங்க? யூகே கம்பஸ் ஒண்டுக்குத் திருகோணமலையில இருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கம்பஸ் நிர்வாகத்துக்கும், அங்க தகவல் கோரிக்கைகளப் பொறுப்பாப் பாக்கிற ஒஃபிஸருக்கும்,

வணக்கம். இதே விஷயத்த இங்கிலீஷ்ல ஒரு மெயிலா உங்களுக்கு அனுப்பிட்டன், அது சுருக்கமானது, சட்டத்துக்கு என்ன தேவையோ அத மட்டும் வச்சு எழுதினது. இங்க தமிழ்ல விரிவா எழுதுறன், ஏனெண்டா நான் உங்கட்ட கேக்கிற கேள்விய எங்கட ஊர்ச் சனமும் கேட்டுப் பழக வேணும். நிலாவெளியில இருக்கிற அம்மாவும் மூதூரில இருக்கிற வாப்பாவும் தங்கட பிள்ளைக்கு ஆலோசனை சொல்றவன் ஆர், அவனுக்குக் காசு குடுக்கிறது ஆர் எண்டு தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வைக்க வேணும். உங்கட பேர நான் இங்க போடல, எங்கட ஊர் ஏஜென்சிட பேரும் போடல. மெயில் கிடைச்ச உங்களுக்கு உங்களத்தான் கேக்கிறன் எண்டு விளங்கும்.

நான் டவுன்ல ஒரு சின்ன கொமினிகேஷன் கடை வச்சிருக்கன். போட்டோகொப்பி, ஸ்கேன், பாஸ்போட் சைஸ் போட்டோ, ஒன்லைன் ஃபோம் நிரப்புறது, இதுதான் தொழில். கடந்த நாலைஞ்சு வருஷமா என்ட கடைக்கு வாற வேலையில பாதி வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பிள்ளையளின்ட ஃபைல்தான். 2022ல நாடு வங்குரோத்தாகி, பெற்றோலுக்கும் காஸுக்கும் லைன்ல நிண்டு, ரூபா ஒரேயடியா விழுந்த பிறகு, ஏஎல் எழுதின பிள்ளை, டிகிரி முடிச்ச பிள்ளை, அரசாங்க வேலையில இருக்கிற டீச்சர் எல்லாருக்கும் ஒரே கதைதான், வெளிய போறது. கிண்ணியாவில இருந்து வருவாங்க, தம்பலகாமத்துல இருந்து வருவாங்க, குச்சவெளியில இருந்து பஸ் ஏறி வருவாங்க. காணி உறுதி, பேங்க் ஸ்டேட்மென்ட், அடகு ரிசீட்டு எல்லாம் என்ட மெஷின்லதான் கொப்பியாகுது. ஒரு குடும்பம் எவ்வளவத்த வித்து இந்தப் பயணத்துக்குப் போடுது எண்டு நான் கண்ணால பாக்கிறன். உங்களுக்கு அது ஒரு அப்ளிகேஷன் நம்பரா மட்டுந்தான் தெரியும், அதக் குறையாச் சொல்லல, நடக்கிறது அதுதான்.

போன முறை வந்த ஃபைல்ல ஒண்டு என்ட அக்காட மகளின்ட ஃபைல். நான் தாய்மாமன், அதால ஸ்பொன்சர் பேப்பர்லயும் என்ட கையெழுத்து இருக்கு. அவள் பயோமெடிக்கல் பக்கம் டிகிரி செய்தவள், அதே பாடத்துல மாஸ்டர்ஸ் செய்யத்தான் ஆசை. டவுன்ல ஒரு மாடியில இருக்கிற ஏஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஏசி ரூம், சுவர் முழுக்க உங்கட நாட்டுக் கம்பஸ் போஸ்டர், டை கட்டின ஒரு தம்பி, நல்ல மரியாதையாக் கதைச்சான். "அங்கிள், நாங்க கம்பஸ்ட ஒஃபிஷியல் ரெப்ரசென்டேட்டிவ்" எண்டான். ஃபைல் சார்ஜ் ஒண்டரை லட்சம் எண்டான். ஏன் இவ்வளவு எண்டு கேக்க, "கம்பஸ் எங்களுக்கு ஒரு சதமும் தாறதில்ல அங்கிள், பிள்ளையளிட்ட எடுக்கிறதுதான் எங்கட வருமானம்" எண்டு சொன்னான். நான் நம்பினன். அக்காவும் நம்பினா. ரெண்டு சோடி காப்பு அடகுக்குப் போனது.

ரெண்டு கிழமைக்குப் பிறகு, அந்த பயோமெடிக்கல் கோர்சுக்கு சீட் முடிஞ்சுது, மெனேஜ்மென்ட் கோர்ஸ் இருக்கு, அதுக்குப் போடுவம், அங்க போய் மாத்தலாம் எண்டு போன் வந்தது. பிள்ளை அழுதவள். பிறகு சரி எண்டவள், நாள் போகுது, இன்டேக் போயிடும் எண்டு அவசரப்படுத்தினாங்க. ஆஃபர் லெட்டர் வந்தது, அத பிரிண்ட் எடுத்தது என்ட கடையிலதான். அப்பதான் கவனிச்சன், ஏஜென்ட் எண்ட இடத்துல இருந்த பேர் மாடியில போர்ட்ல இருந்த பேர் இல்ல. நாங்க ஒரு நாளும் கேள்விப்படாத வேற ஒரு கொம்பனி. கேட்டா, "அது எங்கட மெயின் ஏஜென்ட், நாங்க அவங்களுக்குக் கீழ" எண்டாங்க. உங்கட வெப்சைட்ல இலங்கைக்கான ஏஜென்ட் லிஸ்ட்டப் பாத்தன், மெயின் ஏஜென்ட்ட பேர் கொழும்பு விலாசத்தோட இருக்கு, மாடியில இருக்கிற ஆக்களின்ட பேர் எங்கயும் இல்ல. ஆக, எங்களோட கதைச்சவன், எங்கட காச வாங்கினவன், பிள்ளைட கோர்ஸ மாத்தினவன், உங்கட புத்தகத்துல இல்லாத ஆள்.

இன்னொண்டும் இருக்கு. அப்ளிகேஷன் போட்ட மெயில் ஐடியே அவங்கதான் உண்டாக்கினது. பாஸ்வேர்ட் அவங்கட்ட. உங்கட கம்பஸ் பிள்ளைக்கு எண்டு அனுப்பின ஒரு மெயிலும் பிள்ளைட கண்ணுல படல, அவங்க ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்ல அனுப்பினதுதான் அவள் கண்டது. இது அக்காட மகளுக்கு மட்டும் நடந்ததில்ல, என்ட கடைக்கு வாற பிள்ளையளிட்ட உன்ட மெயிலத் திற எண்டு சொன்னா, பத்துல பாதிப் பேர் "அது ஏஜென்சியில இருக்கு அண்ணா" எண்டுதான் சொல்றாங்க. நீங்க பிள்ளையோட கதைக்கிறதா நினைக்கிறீங்க, நடுவுல இருக்கிறவனோட கதைக்கிறீங்க.

அவள் போய்ச் சேந்திட்டாள், மெனேஜ்மென்ட்தான் படிக்கிறாள். அங்க போன முதல் மாசமே பயோமெடிக்கல் டிப்பார்ட்மென்ட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். உன்ட பேர்ல எங்களுக்கு அப்ளிகேஷனே வரல்லயே எண்டு சொன்னாங்களாம். சீட் முடிஞ்சுது எண்டது பொய். அப்ப ஏன் மாத்தினாங்க? மெனேஜ்மென்டுக்குக் கமிஷன் கூடவா? அந்தக் கோர்சுக்கு இத்தின பேர் அனுப்பினா போனஸ் எண்டு ஏதும் இருக்கா? இல்ல, லேசா ஆஃபர் வாற கோர்ஸ் எண்டதாலயா? எனக்குத் தெரியாது. ஆரையும் ஊகத்துல குற்றம் சாட்ட எனக்கு விருப்பமில்ல. ஆனா இதுக்கு விடை உங்கட ஃபைல்லதான் இருக்கு, ஏஜென்ட்டோட நீங்க செய்த ஒப்பந்தத்துல எந்தக் கோர்சுக்கு எத்தின வீதம் எண்டு எழுதித்தானே காசு குடுத்திருப்பீங்க.

உங்கட நாட்டுல கம்பஸ்கள் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் குடுக்கிறது ஒளிச்சு வச்ச விஷயமில்ல எண்டு பிறகுதான் படிச்சு அறிஞ்சன். பொதுவா பிள்ளை கட்டுற ஃபீஸ்ல ஒரு வீதம். ஒரு கணக்குக்கு, ஃபீஸ் 16,000 பவுண், கமிஷன் 15 வீதம் எண்டு வைப்பம், 2,400 பவுண். ஒரு பவுண் 400 ரூபா எண்டு போட்டா ஒம்பது லட்சத்து அறுபதாயிரம். அந்தக் காசு எங்க இருந்து வந்தது? அக்கா கட்டின ஃபீஸ்ல இருந்து. அக்காட காசுலதான் அந்தக் கமிஷன் போயிருக்கு, அதுக்கு மேல ஒரு சதமும் தாறதில்ல எண்டு சொல்லி ஒண்டரை லட்சத்தையும் அவட்டயே வாங்கியிருக்கிறாங்க. இது எவ்வளவு எண்டு கேக்கிற உரிமை அவக்கு இல்லாட்டி வேற ஆருக்கு இருக்கு?

எங்கட ஊர்ல வீட்டு வேலைக்கு ஒரு பொம்பிளைய வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்குக் கூட ஏஜென்சிக்கு லைசன்ஸ் வேணும், 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல பதிஞ்சிருக்க வேணும். அதுவும் நூறு வீதம் ஒழுங்கா நடக்குது எண்டு சொல்ல மாட்டன், ஆனா கேக்கிறதுக்கு ஒரு இடம் இருக்கு, லைசன்ஸ் நம்பர் இருக்கு. அந்தச் சட்டம் வேலைக்கு அனுப்புறதுக்குத்தான், படிக்க அனுப்புறது அதுக்குள்ள வராது. அதால மாடியில இருக்கிற ஒஃபிஸ்ல நடக்கிறதுக்கு எங்களுக்கு இருக்கிற ஒரே பிடி, அவங்களுக்குக் காசு குடுக்கிற நீங்கதான்.

இப்ப நான் கேக்கிற தகவலுக்கு வாறன். உங்கட 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம், 2005 ஜனவரி 1ல இருந்து நடைமுறையில இருக்கிறது, அந்த நாட்டுப் பிரஜையாத்தான் இருக்க வேணும் எண்டு கேக்கல, உலகத்துல எங்க இருந்தும் ஆரும் கேக்கலாம். எங்கட 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆர்டிஐ எண்டு சொல்றது, பிரஜைக்கு மட்டுந்தான், அந்த வகையில உங்கட சட்டம் எங்கடத விட வாசல் அகலம். எழுத்துல இருக்க வேணும், சொந்தப் பேர் இருக்க வேணும், மறுமொழி அனுப்ப ஒரு விலாசம் இருக்க வேணும், மெயில் ஐடியே போதும். மெயில்ல என்ட முழுப்பேர் இருக்கு.

முதல்ல, 2021ல இருந்து இண்டு வரைக்கும் இலங்கையில இருந்து பிள்ளையளச் சேர்க்கிறதுக்கு நீங்க ஒப்பந்தம் செய்த ஏஜென்ட் எல்லாரின்ட பேரும், எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரைக்கும் எண்டதும் வேணும். வெப்சைட்ல இருக்கிற லிஸ்ட் இண்டைக்கு இருக்கிற ஆக்கள மட்டுந்தான் காட்டும், இடையில விலத்தின ஆக்கள் அதுல இல்ல, அவங்கள ஏன் விலத்தினீங்க எண்டதுதான் எங்களுக்கு முக்கியம், அதால ஒப்பந்தத்த முறிச்ச ஏஜென்ட் எத்தின, என்ன காரணம் எண்டு உங்கட பதிவுல எழுதியிருக்கோ அதையும் தாங்க. பிறகு, நீங்க ஏஜென்ட்டோட செய்யிற ஒப்பந்தத்தின்ட மாதிரிப் பிரதி ஒண்டு. அதுக்குள்ள சப் ஏஜென்ட் வைக்கலாமா, வைச்சா உங்கட்ட முன்கூட்டியே அனுமதி எடுக்க வேணுமா, பிள்ளைட்ட தனியாக் காசு வாங்கலாமா, வாங்கினா எவ்வளவு எண்டு பிள்ளைக்கும் உங்களுக்கும் எழுத்துல சொல்ல வேணுமா எண்ட பகுதிகள் கட்டாயம் இருக்க வேணும், மிச்சத்துல எதையும் மறைக்க வேணுமெண்டா மறையுங்க. சப் ஏஜென்ட் எண்டு உங்களுக்கு அறிவிக்கப்பட்ட ஆக்களின்ட லிஸ்ட்டும் வேணும், திருகோணமலை எண்டு ஒரு பேராவது அதுல இருக்கா எண்டு பாக்கத்தான்.

காசு விஷயம். வருஷம் வருஷமா இலங்கைப் பிள்ளையளுக்காகக் குடுத்த மொத்தக் கமிஷன், அதுக்கு மேல போனஸ் எண்டு குடுத்தது, கமிஷன் வீதம் எதுல இருந்து எது வரைக்கும், கோர்சுக்குக் கோர்ஸ் வித்தியாசமா இல்லயா. ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தனித்தனியாத் தர ஏலாது எண்டா மொத்தமாத் தாங்க, பரவாயில்ல. ஆனா கோர்சுக்குக் கோர்ஸ் வித்தியாசம் இருக்கா எண்ட கேள்விக்கு ஓம் இல்ல எண்டாவது மறுமொழி வேணும்.

அதோட, இலங்கையில இருந்து ஏஜென்ட் வழியா வந்த அப்ளிகேஷன் எத்தின, அதுல எத்தின பேருக்கு ஆஃபர் குடுத்தீங்க, எத்தின பேருக்கு விசாவுக்குத் தேவையான சேர்க்கை உறுதிக் கடிதம் (CAS லெட்டர்) குடுத்தீங்க, எத்தின பேருக்கு விசா மறுத்தாங்க, எத்தின பேர் வந்து சேந்து படிப்ப முடிச்சாங்க. இதெல்லாம் எங்கட்ட இல்ல எண்டு நீங்க சொல்ல மாட்டீங்க எண்டு நம்புறன், ஏனெண்டா வெளிநாட்டுப் பிள்ளையள எடுக்க உங்கட அரசாங்கம் தாற ஸ்பொன்சர் லைசன்ஸே இதுலதான் நிக்குது. உங்கட கம்பஸ் கூப்பிடுற பிள்ளையளுக்கு விசா மறுப்பு 10 வீதத்துக்குப் போனா லைசன்ஸுக்கு ஆபத்து எண்டு இருந்தது, 2025 மே மாசம் வந்த உங்கட அரசாங்கத்தின்ட குடிவரவுக் கொள்கை வெள்ளை அறிக்கையில அத 5 வீதமாக் குறைக்கப் போறம் எண்டு சொல்லியிருக்கு. அதால ஒவ்வொரு ஏஜென்ட்டும் எத்தின மறுப்புக் கொண்டு வாறான் எண்டு நீங்க எண்ணாம இருக்க ஏலாது. எங்கட பயமும் அதுலதான் இருக்கு, ரெண்டு ஏஜென்ட் கள்ளப் பேப்பரோட ஆள் அனுப்பினா நீங்க ஒரேயடியா இலங்கை வேண்டாம் எண்டு கதவ மூடிருவீங்க, அப்ப ஒழுங்கா இரவு பகலாப் படிச்ச பிள்ளைக்கும் வழி அடைபட்டுப் போகும்.

கடைசியா, ஏஜென்ட் பத்தி மாணவர்கள் தந்த முறைப்பாடு எத்தின, எந்த வகை, என்ன முடிவு. பேர் விவரம் ஒண்டும் வேண்டாம், பிள்ளையளின்ட அந்தரங்கத்த நான் கேக்கல. அப்ளிகேஷன்ல மாணவன்ட மெயில் எண்டு ஏஜென்சிட மெயில் போட்டிருக்கா எண்டு செக் பண்ணுறதுக்கு உங்கட்ட ஒரு நடைமுறை எழுத்துல இருந்தா அதையும் தாங்க.

இதுக்கு நீங்க என்ன மறுமொழி தருவீங்க எண்டு ஓரளவு ஊகிக்கலாம், ஏனெண்டா எங்கட ஊர் ஒஃபிஸ்லயும் இதே மாதிரி மறுமொழி வாங்கினவன் நான். எங்கட ஒழுங்கையில வடிகான் கட்டுறதுக்கு எவ்வளவு காசு ஒதுக்கினது, கொந்தராத்து ஆருக்குக் குடுத்தது எண்டு ஒரு முறை ஆர்டிஐ போட்டன். 14 வேலை நாளுக்குள்ள தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேணும் எண்டு சட்டம், மூச்சுப் பேச்சு இல்ல. பிறகு குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட்டன், அப்ப "கொந்தராத்துக்காரன்ட வியாபார இரகசியம்" எண்டு ஒரு கடிதம் வந்தது. தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போவன் எண்டு எழுதின பிறகு மூண்டு பக்கம் வந்தது. மூண்டே மூண்டு பக்கம். அதுல ஒரு இரகசியமும் இல்ல, வடிகான்ட நீளமும் தொகையும் மட்டுந்தான், ஆனா அந்த நீளம் எங்கட ஒழுங்கையின்ட நீளத்த விடக் கூட. அந்த மூண்டு பக்கத்தக் காட்டித்தான் மிச்ச வேலையச் செய்விச்சம்.

அதால வியாபார நலன் எண்டு உங்கட சட்டத்தின்ட 43ஆம் பிரிவ நீங்க தூக்கினா, அது முடிஞ்ச முடிவான விலக்கு இல்ல எண்டு நினைவூட்டுறன். வெளியிட்டா ஆருக்கு என்ன பாதிப்பு எண்டு நீங்க காட்ட வேணும், அதுக்குப் பிறகும் பொது நலன் எந்தப் பக்கம் கனம் எண்டு நிறுத்துப் பாக்க வேணும். ஒப்பந்தத்துல இரகசியம் எண்டு ஒரு வரி எழுதினதால மட்டும் சட்டம் விலகிப் போகாது. தகவலத் தேடி எடுக்கச் செலவு கூட எண்டு சொல்வீங்க, அப்படி மறுக்கிறதுக்குக் கம்பஸ்களுக்கு இருக்கிற எல்லை 450 பவுண், மணிக்கு 25 பவுண் கணக்குல 18 மணித்தியால வேலை. அதுக்கு மேல போகுமெண்டா முழுசா மறுக்காம, 16ஆம் பிரிவின்படி எப்படிச் சுருக்கலாம் எண்டு எனக்குச் சொல்லுங்க, பழைய வருஷங்கள விடுறதுக்கு நான் ரெடி. ஒப்பந்த மாதிரிப் பிரதியும் கடைசி ரெண்டு வருஷக் கணக்கும் எனக்கு முதல் வேணும்.

நான் புதுசா ஒரு விஷயத்தக் கேக்கவுமில்ல. உங்கட அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற குடிபெயர்வு ஆலோசனைக் குழு, 2024 மே மாசம் படிப்புக்குப் பிந்திய விசா பத்தி எழுதின அறிக்கையில, ஏஜென்ட்டுகளையும் சப் ஏஜென்ட்டுகளையும் கட்டாயமாப் பதிய வேணும் எண்டும், கம்பஸ்கள் ஏஜென்ட்டுக்குச் செலவழிக்கிற காசையும் அவங்க வழியா வாற பிள்ளையளின்ட தொகையையும் வருஷா வருஷம் வெளியிட வேணும் எண்டும் சொல்லியிருக்கு. அந்தக் குழு எங்கட ஆக்கள் இல்ல, எங்களுக்காகக் கதைக்கிறவங்களும் இல்ல, அவங்களுக்கே இது வெளிய இருக்க வேணும் எண்டு பட்டிருக்கு. ஏஜென்ட் தரக் கட்டமைப்பு எண்டு உங்கட நாட்டுல ஒண்டு வச்சிருக்கிறீங்க, ஏஜென்ட் வச்சு ஆள் எடுக்கிற எல்லாக் கம்பஸும் அதுல சேர வேணும் எண்டு 2025 வெள்ளை அறிக்கை சொல்லுது, அதுல நீங்க எப்ப சேந்தீங்க, அதுக்காக இலங்கை ஏஜென்ட் ஒருத்தனையாவது நேர்ல போய் செக் பண்ணின பதிவு இருக்கா எண்டதும் மெயில்ல கேட்டிருக்கன். அவுஸ்திரேலியாவில கம்பஸ்கள் தங்கட ஏஜென்ட் லிஸ்ட்ட வெப்சைட்ல போட வேணும் எண்டு சட்டத்துலயே இருக்கு, 2000ஆம் ஆண்டு வெளிநாட்டு மாணவர் சட்டம். அங்க போட்டு ஒரு கம்பஸும் இடிஞ்சு விழல்ல.

இடையில எங்கட சனத்தோடயும் ஒரு நிமிஷம் கதைக்கிறன், கம்பஸ் ஒஃபிஸர் பொறுத்துக்கொள்ளுங்க. அக்காமார், அண்ணாமார், ஆஃபர் லெட்டர் கையில வந்தவுடன ஏஜென்ட் பேர் எங்க இருக்கு எண்டு தேடிப் பாருங்க, நீங்க காசு குடுத்த இடத்தின்ட பேரும் அதுவும் ஒண்டா எண்டு பாருங்க. பிள்ளைட மெயில பிள்ளையே திறக்கட்டும், பாஸ்வேர்ட ஆருக்கும் குடுக்க வேண்டாம். ஒரிஜினல் சேர்ட்டிபிக்கேட்ட வச்சிட்டுப் போங்க எண்டா வைக்காதீங்க, கொப்பி போதும். காசு குடுத்தா கொம்பனிப் பேர் போட்ட ரிசீட் வாங்குங்க, துண்டுக் கடதாசியில எழுதித் தந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்க. கிழமைக்கு 20 மணித்தியால வேலையில ஃபீஸ் கட்டலாம் எண்டு சொன்னா அந்த இடத்துலயே கணக்குப் போடுங்க, 2025 ஏப்ரல்ல அங்க வந்த குறைஞ்ச கூலி மணிக்கு 12.21 பவுண், அந்தக் கணக்குல, 20 மணித்தியாலம் எண்டா கிழமைக்கு 244 பவுண், ஒரு கிழமையும் விடாம 52 கிழமை வேலை செய்தாலும் 12,700க்குக் கிட்டத்தான் வரும், நான் மேல சொன்ன 16,000 ஃபீஸுக்கே அது காணாது, வீட்டு வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் அதுக்கு வெளிய. விசாவுக்குப் போடேக்க சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண் முதலே கட்ட வேணும். லண்டனுக்கு வெளிய எண்டா மாசத்துக்கு 1,136 பவுண்படி ஒம்பது மாசத்துக்கு 10,224 பவுண் பேங்க்ல 28 நாள் இருக்க வேணும் எண்டு 2025 ஜனவரியில வந்தது, அதுவும் கூடிக்கொண்டுதான் போகுது. இதுல ஒண்டையும் மாடியில இருக்கிற தம்பி எங்களுக்கு முதல் நாள் சொல்லல்ல.

சொல்லாம விட்டதுல எனக்கு இன்னும் நெஞ்சு எரியிற ஒரு கதை இருக்கு. ஒரு கலியாணம் முடிச்ச டீச்சர் தங்கச்சி, ரெண்டு வயசுல ஒரு குழந்தை, என்ட கடையிலதான் கலியாண சேர்ட்டிபிக்கேட்டும் குழந்தைட பேர்த் சேர்ட்டிபிக்கேட்டும் இங்கிலீஷுக்கு மாத்தி கொப்பி எடுத்தா. நீங்க போய் ரெண்டு மாசத்துல கணவனையும் பிள்ளையையும் கூப்பிடலாம் எண்டு அவட ஏஜென்சி சொல்லியிருக்கு. 2024 ஜனவரியில இருந்து தொடங்கிற சாதாரண மாஸ்டர்ஸ் கோர்சுக்குக் குடும்பத்தக் கூப்பிட ஏலாது, ஆய்வுப் படிப்பு, பிஎச்டி மாதிரி ஆக்களுக்குத்தான் ஏலும். அவ போனது அதுக்குப் பிறகு. இப்ப இரவுல வீடியோ கோல்ல பிள்ளை நித்திரையாகும் வரைக்கும் போன வச்சிருக்கிறாவாம், அவட தாய் கடைக்கு ரீலோட் போட வரேக்க சொல்லி அழுதா. அவ போனது வேற கம்பஸ், உங்கட இல்ல. ஆனா உங்கட ஏஜென்ட் இப்படிச் சொல்றானா இல்லயா எண்டு நீங்க எப்படித் தெரிஞ்சுகொள்றீங்க? வந்து சேந்த பிள்ளைட்ட "உனக்கு என்ன சொல்லிக் கூட்டிவந்தாங்க, எவ்வளவு வாங்கினாங்க" எண்டு ஒரு ஃபோம் குடுத்துக் கேக்கிறீங்களா? கேட்டிருந்தா அந்தப் பதிவையும் தாங்க. கேக்கல்ல எண்டா, அத அப்படியே எழுதி அனுப்புங்க.

எங்கட நாட்டு நிலைமையையும் சொல்லிப் போடுறன், உங்கட மேல மட்டும் பழி போட்டதா இருக்கக் கூடாது. எங்கட ஆர்டிஐ சட்டத்துல பகிரங்க அதிகாரசபை எண்ட விளக்கத்துக்குள்ள சட்டத்தின்படி அனுமதி பெற்ற தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் வருது. அதால இங்க இருந்துகொண்டு வெளிநாட்டு டிகிரி தாறம் எண்டு போஸ்டர் அடிக்கிற, அப்படி அனுமதி எடுத்து நடத்துற இடங்களிட்டயும் இதே கேள்வியக் கேக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்ல, ஃபோம் இல்லாட்டியும் வெறும் கடிதமே போதும். அதுக்கு எழுத உதவி வேணுமெண்டா கடைக்கு வாங்க, டைப் பண்ணிறதுக்குக் காசு எடுக்க மாட்டன்.

ஒஃபிஸர் சேர், மிஸ், ஆரா இருந்தாலும், உங்கட மேல எனக்குக் கோவம் இல்ல. அக்காட மகள் அங்க லெக்சரர்மார் நல்லாப் பாக்கிறாங்க எண்டுதான் சொல்றாள், லைப்ரரி இரவு முழுக்கத் திறந்திருக்காம், அத ஒரு அதிசயமாச் சொல்றாள். அவள் அந்தக் கோர்ஸ முடிச்சிடுவாள். எங்கட ஆசை, அடுத்த வருஷம் போற பிள்ளை தான் கேட்ட பாடத்துக்கே போக வேணும், அதுக்கு ஆர் எவ்வளவு வாங்கினாங்க எண்டு தெரிஞ்சு போக வேணும்.

மெயில் போன திங்கட்கிழமை உங்களுக்குக் கிடைச்சிருக்கு, ஓட்டோ ரிப்ளை வந்தது. அடுத்த நாள்ல இருந்து 20 வேலை நாள் எண்ணத் தொடங்கியிருக்கன், உங்கட பேங்க் ஹொலிடேயையும் விட்டுத்தான் எண்ணுறன். அதுக்குள்ள மறுமொழி வரல்ல, இல்லாட்டி மறுத்து வந்தது எண்டா உள்ளக மீளாய்வு கேப்பன், அதுக்குப் பிறகு உங்கட தகவல் ஆணையாளர் ஒஃபிஸுக்கு எழுதுவன். தபால்ல அனுப்ப வேண்டாம், மெயில்லயே அனுப்புங்க, கணக்குகள எக்செல் ஷீட்டா அனுப்பினா நல்லம். வந்த அண்டைக்கே தமிழ்ல மாத்தி கடைட முன் கண்ணாடியில ஒட்டுவன், ஏஎல் ரிசல்ட்ஸ் வரேக்க கடையில கூட்டம் கூட, அதுக்கு முதல் கிடைச்சா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
திருகோணமலையில இருந்து,
ஒரு தாய்மாமன்